வாசகர் கேள்வி-பதில்: போர்க்கப்பலுக்கும் நம்ம வீட்டு கரண்டுக்கும் இன்னா சம்பந்தம்?

போன இதழ்ல ஒரு வாசகருக்கு பதில் சொல்றப்ப "உலகத்துக்கு பெட்ரோலியத்த பழக்கிவிட்டதுல போர்க்கப்பல்காரங்களுக்கு பெரிய பங்கு உண்டு"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதி வெச்சேன், அவ்ளோதான், எண்ணூர்லேந்து ராயபுரம் வரைக்கும் ஆளாளுக்கு அதப் பத்தியே கேட்டு அனுப்பியிருக்கீங்க. அதனால சினிமா, ராசிபலன் சந்தேகமெல்லாம் அடுத்த வாரத்துக்கு, இந்த வாரம் இது மட்டும்.

அண்ணா, என் பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா. 'நாட்டின் எரிசக்தி வளர்ச்சியில் கடற்படையின் பங்கு'ன்னு கட்டுரை எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. கடற்படைன்னா சண்டை போடுறவங்க, பெட்ரோல், கரண்டெல்லாம் வேற டிபார்ட்மென்ட் இல்லையா? எங்கேந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியல.
— வாசகி, திருவொற்றியூர்

கரிலேந்து ஆரம்பிக்கச் சொல்லும்மா. பாய்மரம் இருந்த வரைக்கும் காத்து இனாம், கப்பலுக்கு தீனி போட வேண்டிய கவலையே கெடையாது. 1840கள்ல ஆவி எஞ்சின் வந்ததும் பிரிட்டிஷ் கடற்படைக்கு தலைவலி ஆரம்பிச்சுது, எந்த ஊரு கரி நல்லா எரியும், எது புகை விடும், எது கப்பல்ல கம்மி எடம் அடைக்கும்னு. புகை விட்டா எதிரிக்கு தூரத்துலேந்தே தெரிஞ்சுடும்ல. அதுக்குன்னே காசு குடுத்து விஞ்ஞானிங்கள வெச்சு ஒவ்வொரு சுரங்கத்து கரியையும் எரிச்சுப் பாத்தாங்க, அதுல வேல்ஸ் நாட்டு கரி நல்ல பேரு வாங்குச்சு. அந்த பேரு கெடச்சதும் கார்டிஃப் துறைமுகம் எங்கேயோ போயிடுச்சு. கடற்படை வாங்குற கரின்னா மத்த கப்பல் கம்பெனிங்களும் கண்ண மூடிட்டு வாங்குனாங்க. ஜிப்ரால்டர், மால்டா, ஏடன், கொழும்பு, சிங்கப்பூர்னு வழி நெடுக கரி டிப்போ போட்டாங்க, அந்த டிப்போவ காப்பாத்த இன்னும் நாலு கப்பல், அந்த நாலு கப்பலுக்கு இன்னும் கொஞ்சம் கரி.

கரி ஏத்துற வேலை இருக்கே, அது நரகம். சமையக்காரன், பேண்டு வாசிக்கிறவன், ஆபீசர்னு ஒருத்தர் விடாம மூட்டை தூக்கணும், ஒரு மூட்டை கிட்டத்தட்ட 100 கிலோ, பெரிய போர்க்கப்பல்னா ஒரு நாளே போயிடும், அந்த நேரம் பூரா கப்பல் சண்டைக்கு லாயக்கில்லாம நிக்கும். எண்ணெய்னா பைப்ப மாட்டுனா போதும், நடுக்கடல்ல கூட ஏத்திக்கலாம், கரி அள்ளிப் போடுற ஆளுங்க வேணாம், எடைக்கு எடை பாத்தா நல்ல கரியவிட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சூடு ஜாஸ்தி. அட்மிரல் ஃபிஷர்னு ஒருத்தர் இதையே பேசிப் பேசி 'எண்ணெய்ப் பைத்தியம்'னு பேரு வாங்குனாரு. 1911ல சர்ச்சில் கடற்படை மந்திரியா வந்ததும் முடிவு பண்ணிட்டாரு, புதுசா கட்டுற குயின் எலிசபெத் வகை பெரிய கப்பல்லாம் முழுக்க எண்ணெய்லதான் ஓடணும்னு.

ஆனா பிரிட்டன்ல கரி மலையா இருக்கு, எண்ணெய் ஒரு சொட்டு இல்ல. அப்ப என்ன பண்ணாரு? பாரசீகத்துல (இன்னிக்கு ஈரான்) எண்ணெய் எடுத்துட்டு இருந்த ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனில 51 சதவீத பங்க அரசாங்கமே 22 லட்சம் பவுண்டு குடுத்து வாங்கிடுச்சு, கூடவே கடற்படைக்கு பல வருஷத்துக்கு எண்ணெய் சப்ளைன்னு ஒப்பந்தம். 1914 ஜூன் 17ம் தேதி பார்லிமென்ட்ல ஓட்டு, 254க்கு 18. ஆகஸ்ட்ல உலகப் போர் வந்துருச்சு. அந்த கம்பெனிதான் இன்னிக்கு பிபி, அதாவது பிரிட்டிஷ் பெட்ரோலியம்.

காசிமேட்டு ஏலத்துல ஒருத்தர் வந்து "எவ்ளோ மீன் வந்தாலும் எனக்கு, தெனமும் எனக்கு, வெலைய அப்புறம் பேசலாம்"னு சொன்னா போட்டுக்காரர் என்ன பண்ணுவாரு, கடன வாங்கியாச்சும் பெரிய போட்டா கட்டுவார்ல? கடற்படை செஞ்சது அதான். அது எண்ணெய் எடுக்கல, நிச்சயமா வாங்குறேன்னு சொன்னுச்சு. அந்த ஒரு வார்த்தைய நம்பி கெணறு, பைப்லைன், ரிஃபைனரின்னு போட்டவன் அப்புறம் மிச்சத்த லாரிக்கும் காருக்கும் வித்தான். பொண்ணு இத புரிஞ்சுக்கிட்டா கட்டுரை தானா வரும், பக்கத்த நெரப்ப கப்பல் பேரா எழுத வேணாம்னு சொல்லு.

சார், எம்டன் கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்டுச்சுன்னு எங்க தாத்தா காலத்துலேந்து பேச்சு. கோட்டைய விட்டுட்டு எதுக்கு எண்ணெய் டேங்க்க சுட்டான்?
— வாசகர், தண்டையார்பேட்டை

மேல சொன்ன ஓட்டெடுப்பு நடந்து மூணு மாசம் சொச்சம், 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒம்பதரை தாண்டி. ஊர்ல வெளக்கெல்லாம் எரிஞ்சுட்டு இருக்கு, போர் எங்கேயோ ஐரோப்பாவுல நடக்குதுன்னு ஜனங்க நிம்மதியா இருக்காங்க. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதுர்ல வந்து நின்னு சர்ச்லைட்ட போட்டு சுமார் 130 குண்டு. பர்மா ஆயில் கம்பெனி டேங்க்குங்க பத்திக்கிச்சு, உள்ள இருந்தது கெரசின், லட்சக்கணக்கான காலன். துறைமுகத்துல நின்ன ஒரு கப்பலும் அடி வாங்குச்சு, ஆளுங்க செத்தாங்க. அடுத்த நாள்லேந்து மூட்ட கட்டிட்டு ஊர விட்டு ஓடுனவங்க ஏகப்பட்ட பேரு. ஹைகோர்ட் மதில்ல அதுக்கு இன்னும் கல்வெட்டு இருக்கு, அந்தப் பக்கம் போறவங்க டீக்கடைய மட்டும் பாக்காம அதையும் பாருங்க.

எதுக்கு டேங்க்குன்னா, கோட்டைய அடிச்சா செவுரு ஒடையும், டேங்க்க அடிச்சா ராத்திரி பூரா ஊரே பாக்கும். அதோட எம்டன் கேப்டன் முல்லருக்கு வேண்டியது வங்காள விரிகுடாவுல சரக்குக் கப்பல் எதுவும் தைரியமா வெளிய வரக்கூடாது, அவ்ளோதான்.

ஆனா எனக்கு சுவாரசியமா படுறது வேற. பர்மா ஆயில் பர்மா எண்ணெய விக்கிற ஸ்காட்லாந்துக்காரன் கம்பெனி, நம்மூர் வெளக்குக்கு கெரசின் அவன்தான். அந்த கம்பெனிய புடிச்சு "பாரசீகத்துல டார்சின்னு ஒருத்தர் எண்ணெய் தேடிட்டு இருக்காரு, காசு தீந்துபோச்சு, வேற நாட்டுக்காரன் உள்ள பூந்துடுவான், நீ காசு போடு"ன்னு 1905 வாக்குல தள்ளிவிட்டதே பிரிட்டிஷ் கடற்படை தலைமைதான். பர்மா ஆயில் காசு போட்டு, போட்டு, கைய விரிக்கிற நேரத்துல 1908 மே மாசம் மஸ்ஜித் சுலைமான்ல எண்ணெய் பீச்சி அடிச்சுது. அடுத்த வருஷம் ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனி. அப்ப மெட்ராஸ்ல எரிஞ்ச டேங்க்கு அந்த கம்பெனியோட தாய் வீட்டு டேங்க்குன்னு வெச்சுக்கலாம். முல்லருக்கு இந்த வரலாறெல்லாம் தெரிஞ்சு சுட்டாருன்னு சொல்ல மாட்டேன், டேங்க் கண்ணுல பட்டுது சுட்டாரு.

இன்னொண்ணு, எண்ணெய் டேங்க்க கொளுத்துன எம்டனே கரில ஓடுற கப்பல். கூடவே ஒரு கரிக் கப்பல இழுத்துட்டு அலைஞ்சுது, வழில புடிக்கிற கப்பல்ல கரி இருந்தா அவனுக்கு தீவாளி. முதல்ல கெடச்சது இந்தியக் கரி, புகை ஜாஸ்தி, கொதிகலன் அடைச்சுக்கும்னு கொறை. மெட்ராஸ அடிச்சுட்டு போன கொஞ்ச நாள்ல பிரிட்டிஷ் கடற்படைக்காகவே ஏத்திட்டு போன வேல்ஸ் கரி ஒரு கப்பல் நெறைய மாட்டுச்சு, ஆறாயிரம் டன்னுக்கு மேல. எதிரியோட நல்ல கரிலயே நவம்பர் வரைக்கும் ஓட்டிட்டு கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னிகிட்ட அடி வாங்கி கரை தட்டுச்சு.

மணலில முப்பது வருஷம் காண்ட்ராக்ட் வேலை பாத்தவன் நான். நம்ம ரிஃபைனரிக்கும் இந்த கதைக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், மணலி

உண்டு, சுத்தி வளைச்ச தொடர்பு. சர்ச்சில் வாங்குன அந்த கம்பெனி ஈரான்ல நாப்பது வருஷம் ராஜாவாட்டம் இருந்துச்சு, அபாதான் ரிஃபைனரில நம்ம நாட்டு ஆளுங்க கூட நெறைய பேரு வேலைக்கு போனாங்க. ஈரானுக்கு கெடச்ச பங்கு ரொம்ப கம்மி. 1951ல பிரதமர் மொசாதெக் கம்பெனிய நாட்டுடைமை ஆக்கிட்டாரு, அப்ப பொறந்தது ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனி. பிரிட்டிஷ் கடற்படை உடனே வந்து நின்னு ஈரான் எண்ணெய ஏத்துற கப்பல மறிச்சுது, 1953ல பிரிட்டன், அமெரிக்கா உளவுத்துறைங்க சேந்து மொசாதெக்க கவுத்தாங்க. ஆனாலும் தேசியக் கம்பெனி நின்னுச்சு.

அந்த ஈரான் கம்பெனியும் அமெரிக்காவோட அமோகோவும் இந்திய அரசும் சேந்து 1965 கடைசில ஆரம்பிச்சதுதான் மெட்ராஸ் ரிஃபைனரீஸ், அரசுக்கு 74, மத்த ரெண்டு பேருக்கும் 13, 13. 1969ல ஓட ஆரம்பிச்சப்ப வருஷத்துக்கு 25 லட்சம் டன், வந்தது ஈரான் கச்சா எண்ணெய். இப்ப பேரு சிபிசிஎல், அதாவது சென்னை பெட்ரோலியம், கொள்ளளவு 105 லட்சம் டன். அமோகோ எப்பவோ கழண்டுக்கிச்சு, ஈரான் தரப்புக்கு இன்னும் 15 சதவீதத்துக்கு மேல பங்கு இருக்கு. பர்மா ஆயில் கதை வேற பக்கம் போச்சு, ஷெல்லோட சேந்து பர்மா-ஷெல் ஆகி, 1976ல நாட்டுடைமை ஆகி, இப்ப பாரத் பெட்ரோலியம். உங்க ரோட்டுல கியூ கட்டி நிக்கிற டேங்கர் லாரில எழுதியிருக்குற பேரு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி இந்த மாதிரி ஒரு பரம்பரை இருக்குது அண்ணா, நீங்க முப்பது வருஷம் பாத்ததுல பாதி அதுதான்.

இப்பவும் ஆவில ஓடுற போர்க்கப்பல் நம்மகிட்ட இருக்கா?
— வாசகர், ராயபுரம்

இருக்கு. விக்ரமாதித்யா விமானந்தாங்கி, 8 பாய்லர், ஆனா எரியுறது டீசல். 2022ல வந்த விக்ராந்த்துக்கு கேஸ் டர்பைன்.

அமெரிக்க கடற்படைக்கு சொந்தமா எண்ணெய் வயலே இருந்துச்சாமே, அதுல பெரிய ஊழல் நடந்துச்சாமே?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், வியாசர்பாடி

ஆமாங்க ஐயா, உங்க ஞாபகம் சரி. பிரிட்டன் வெளிய போயி எண்ணெய் புடிச்சுது, அமெரிக்கா உள்ளூர்லயே பூட்டி வெச்சுது. கலிஃபோர்னியாவுல தனியாருங்க போட்டி போட்டு உறிஞ்சுறதப் பாத்து "நாளைக்கு போர் வந்தா கப்பலுக்கு எண்ணெய் எங்க"ன்னு பயந்து 1912ல எல்க் ஹில்ஸ், புவெனா விஸ்டா, 1915ல வயோமிங் மாநிலத்துல டீபாட் டோம்னு மூணு எடத்த கடற்படைக்குன்னு ஒதுக்கினாங்க. தோண்டாதே, வை, அவசரத்துக்கு எடுத்துக்கலாம்னு. ஒரு சர்க்காரு எண்ணெய எடுக்காம வைக்கிறதுக்கு உத்தரவு போட்டுச்சுன்னா அது கடற்படை பயத்துனாலதான், வேற எவன் கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டாங்க.

1921ல ஹார்டிங் ஜனாதிபதியா வந்தாரு, அவரோட உள்துறை மந்திரி ஆல்பர்ட் ஃபால் (அங்க உள்துறைன்னா போலீஸ் இல்ல, நிலம், காடு, சுரங்கம்) அந்த வயல கடற்படைகிட்டேந்து தன் கைக்கு மாத்திக்கிட்டாரு. கடற்படை மந்திரி டென்பி கையெழுத்து போட்டு குடுத்துட்டாரு. ஃபால் ஏலம் கீலம் எதுவும் விடாம டீபாட் டோம சின்க்ளேருக்கும் எல்க் ஹில்ஸ டொஹேனிக்கும், ரெண்டு பேரும் எண்ணெய் முதலாளிங்க, குத்தகைக்கு விட்டாரு. டொஹேனி தன் புள்ளை கைல ஒரு சின்ன கறுப்பு பைல ஒரு லட்சம் டாலர் ரொக்கமா குடுத்து அனுப்பினாரு, கேட்டா 'கடன்'னாங்க. ஃபாலோட பண்ணையில திடீர்னு புது மாடு, புது வேலி வந்தத பாத்துதான் ஜனங்களுக்கு சந்தேகமே வந்துச்சு. நம்மூரு கவுன்சிலர் வீட்டு மேல மாடி ஏறுனா தெரு பேசும்ல, அதே. செனட் விசாரிச்சு, 1927ல உச்ச நீதிமன்றம் குத்தகைய ரத்து பண்ணி, 1929ல லஞ்சம் வாங்குன குத்தம் நிரூபணமாகி 1931ல ஃபால் ஜெயிலுக்கு போனாரு, மந்திரியா இருந்தப்ப பண்ண தப்புக்கு ஜெயிலுக்கு போன முதல் அமெரிக்க மந்திரி. வேடிக்கை என்னன்னா லஞ்சம் வாங்குனதுக்கு ஃபாலுக்கு தண்டனை, அதே காச குடுத்த டொஹேனி விடுதலை.

அப்புறம் அந்த வயலுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. எல்க் ஹில்ஸ ரெண்டாம் உலகப் போர்ல கொஞ்சம் எடுத்தாங்க, 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் 1976ல முழுசா தொறந்து விட்டாங்க, 1998ல ஆக்சிடென்டல் பெட்ரோலியம் கம்பெனிக்கு 365 கோடி டாலருக்கு வித்துட்டாங்க. அலாஸ்காவுல 1923ல நாலாவதா ஒரு பெரிய ஏரியாவ ஒதுக்கி, 1944லேந்து 1953 வரைக்கும் கடற்படையே ஆளனுப்பி பனிக்கு நடுவுல தோண்டிப் பாத்துச்சு. பெருசா எண்ணெய் சிக்கல, ஆனா பாரோங்கற ஊரு பக்கத்துல 1949ல கேஸ் கெடச்சுது, அந்த ஊரு ஜனங்களுக்கு அந்தப் பக்கத்து கேஸ்தான் இன்னிக்கும் அடுப்பு, ஹீட்டர் எல்லாம். கடற்படை தோண்டுனதுல நேரா வீட்டு அடுப்புக்கு வந்தது அது ஒண்ணுதான்னு சொல்லுவேன். 1968ல அந்த ஒதுக்குன ஏரியாவுக்கு பக்கத்துல ப்ரூடோ பேல அமெரிக்காவோட மிகப் பெரிய எண்ணெய் வயல் கெடச்சுது, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம்!

சார், நான் பாலிடெக்னிக் படிக்கிறேன். கூடங்குளம் ரியாக்டரும் சப்மரின் ரியாக்டரும் ஒரே குடும்பம்னு எங்க லெக்சரர் சொன்னாரு. அவ்ளோ பெரிய ப்ளான்ட்டுக்கும் சப்மரினுக்கும் எப்படி?
— மாணவர், கொருக்குப்பேட்டை

ஒரே குடும்பம்தான் தம்பி, சப்மரின் மூத்தது. அமெரிக்க கடற்படைல ரிக்கோவர்னு ஒரு ஆபீசர், போலந்துலேந்து சின்ன வயசுல வந்தவரு, எவன்கிட்டயும் நல்ல பேரு வாங்காத மனுஷன். இன்டர்வியூவுக்கு வர்றவங்க வழுக்கட்டும்னு நாற்காலியோட முன்காலக் கொஞ்சம் அறுத்து வெச்சிருப்பாருன்னு சொல்லுவாங்க. சப்மரினுக்கு அன்னிக்கு இருந்த பிரச்சன காத்து. டீசல் எஞ்சினுக்கு காத்து வேணும், தண்ணிக்குள்ள பேட்டரிதான், சார்ஜ் தீந்தா மேல வந்தே ஆகணும். அணு உலைக்கு காத்தே வேணாம்.

எடம் சின்னது, அதனால சின்னதா அடக்கமா இருக்கணும். சாதாரண தண்ணியையே எடுத்தாங்க, அது யுரேனியத்தோட நியூட்ரான் வேகத்தயும் கொறைக்கும், சூட்டையும் எடுத்துட்டு போகும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. 300 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்க சுமார் 150 மடங்கு காத்தழுத்தத்துல அமுக்கி வெச்சு, அந்த சூட்ட இன்னொரு குழாய்ல இருக்குற தண்ணிக்கு மாத்தி, அத ஆவியாக்கி டர்பைன சுத்துறது. தண்ணி ரொம்ப சூடாகி லேசானா எதிர்வினையும் தானா கொறையும், ஆடுற கப்பல்ல அது பெரிய சௌகரியம். 1953ல ஐடஹோ பாலைவனத்துல தரைலயே சப்மரின் ஒடம்புக்குள்ள முதல் உலைய வெச்சு ஓட்டுனாங்க. போதும், நிறுத்திரலாம்னு எஞ்சினியருங்க சொல்ல, அட்லான்டிக்க தாண்டுற தூரம் ஆகுற வரைக்கும் நிறுத்தாதேன்னு ரிக்கோவர் ஓட்ட வெச்சாரு. 1955 ஜனவரி 17, நாட்டிலஸ்ங்கற சப்மரின் அணுசக்தில கெளம்புச்சு.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். விமானந்தாங்கிக்குன்னு ஒரு உலை டிசைன் நடந்துட்டு இருந்தப்ப அந்த திட்டத்த 1953ல நிறுத்திட்டாங்க. டிசைன் இருக்கு, ஆளு இருக்கு, பணம் செலவாயாச்சு. அதையே ஊருக்கு கரண்ட் குடுக்க மாத்திடுங்கன்னு சொல்லி ரிக்கோவர் கைலயே குடுத்துட்டாங்க. அதான் பென்சில்வேனியாவுல ஷிப்பிங்போர்ட், 1957 டிசம்பர், 60 மெகாவாட், அமெரிக்காவுல ஊருக்கு கரண்ட் குடுக்கன்னே கட்டுன முதல் பெரிய அணு மின் நிலையம். இதுக்காக சிர்கோனியம்ங்கற உலோகத்த டன் கணக்குல சுத்தம் பண்றதுக்கே கடற்படை காசுலதான் வழி கண்டுபுடிச்சாங்க, அதுக்கு முன்னாடி அது ரொம்ப கொஞ்சமா மட்டும் கெடச்ச சமாச்சாரம். அந்த சிர்கோனியத்துக்கு தாது நம்ம மணவாளக்குறிச்சி கடக்கரை மணல்லயும் இருக்கு, அது வேற கதை. ரஷ்யாக்காரனும் அதே காலத்துல நீர்மூழ்கிக்கு இதே வகை உலை செஞ்சவன்தான், அவன் பெருசாக்கி குடுத்ததுதான் கூடங்குளத்துல நிக்கிற 1000 மெகாவாட் ரெண்டும்.

ஒலகத்துல ஓடுற அணு மின் நிலையத்துல பெரும்பாலானது இந்த வகைதான். சப்மரினுக்குள்ள அடங்கணும்னு செஞ்ச வடிவம், எடத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊருக்கும் அப்படியே வந்துருச்சு. வேற வகை உலைங்க நல்லதா இருந்திருக்குமோன்னு ஆராய்ச்சி பண்ணவங்களே வருத்தப்பட்டிருக்காங்க, ஆனா ஃபேக்டரி, எஞ்சினியர், சட்டதிட்டம் எல்லாம் கடற்படை காசுல ரெடியா இருக்குறப்ப எந்த கம்பெனி புதுசா மெனக்கெடும்? சொல்ல மறந்துட்டேன், அதே ஷிப்பிங்போர்ட்ல 1977லேந்து 1982 வரைக்கும் தோரியத்தப் போட்டு ஓட்டிக் காட்டினாங்க. தோரியம் நம்ம நாட்டுல கொட்டிக் கெடக்குதுன்னு மேடைல பேசுறவங்க இத பேசுறதே இல்ல.

நம்ம நாட்டுல நடந்தது தலைகீழ். கல்பாக்கத்துல முதல்ல ஊருக்கு கரண்ட், 1984, அது சாதாரண தண்ணிக்கு பதிலா கனநீர்னு வேற தண்ணி போடுற வகை, சப்மரின் குடும்பம் கெடையாது. அப்புறம்தான் அதே கல்பாக்கத்துல தரைல வெச்சு நீர்மூழ்கி உலைய ஓட்டிப் பாத்து, 2009ல அரிஹந்த் நீர்மூழ்கி கடல்ல எறங்குச்சு. உலை வேலைல அத்தன வருஷம் கையத் தேச்ச ஆளுங்க அணுசக்தித் துறைல இருந்ததாலதான் கடற்படைக்கு அது முடிஞ்சுது.

அண்ணாத்தே, எங்க ஆளுங்க தொழிலுக்கு போறப்ப எண்ணெய் மேடை பக்கம் போனா வெரட்டுறாங்க. கடல் எல்லாருக்கும் பொதுதான? நம்ம கடற்படை எண்ணெய்ல இன்னாதான் பண்ணுது?
— போட்டுக்காரர், காசிமேடு

நம்ம கடற்படை எண்ணெய் தோண்டுனதில்லப்பா, அது மத்திய அரசு எண்ணெய்க் கம்பெனி ஓஎன்ஜிசி வேலை. 1974ல சாகர் சாம்ராட்ங்கற தோண்டுற மேடை மும்பைக்கு எதுர்ல கடல்ல பாம்பே ஹைங்கற எடத்துல எண்ணெய கண்டுபுடிச்சுது, 1976ல எடுக்க ஆரம்பிச்சாங்க, கரைலேந்து சுமார் 160 கிலோமீட்டர். அவ்ளோ தூரத்துல, நடுக்கடல்ல, இரும்பு மேடை மேல நாட்டோட எண்ணெய் நின்னா காவலுக்கு யாரு? அங்கதான் கடற்படை. அதே 1976ல கடல் எல்லைச் சட்டம் வந்துச்சு, மேடைய சுத்தி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம்னு வெக்கிறது அதுலேந்துதான். அது சும்மா அதிகாரத்துக்கு இல்ல, அடில பைப்லைன், நங்கூரச் சங்கிலின்னு கெடக்கும், வல மாட்டுனா உன் வலையும் போச்சு, பைப்பும் போச்சு. ஆனா மேடைகிட்ட மீனு சேரும்ங்கறதும் நெசம், அதனாலதான் நீங்க போறீங்க, அதுவும் எனக்கு தெரியும். வளையம் எங்க இருக்குன்னு ஒழுங்கா போட்டுக்காரங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும், அத சொல்லாம வெரட்ட மட்டும் வர்றது சரியில்ல.

எண்ணெய்ய காக்குறதும் எதிரி எண்ணெய்ய கொளுத்துறதும் ஒரே ஆளுதான். 1971 டிசம்பர்ல நம்ம ஏவுகணைப் படகுங்க கராச்சிக்கு போயி கியாமாரி எண்ணெய் டேங்க்க பத்த வெச்சுது, அன்னிக்கு மெட்ராஸ்ல நடந்தத நாம அங்க போயி பண்ணோம். 2019லேந்து ஓமன் வளைகுடா பக்கம் நம்ம எண்ணெய்க் கப்பலுக்கு தொணையா போறதுக்குன்னே போர்க்கப்பல் நிக்குது. 2021 மே மாசம் டவ்தே புயல்ல பாம்பே ஹை பக்கம் பி-305னு ஆளுங்க தங்கற மெதவை முழுகுச்சு, 261 பேரு இருந்தாங்க, ஐஎன்எஸ் கொச்சி, ஐஎன்எஸ் கொல்கத்தான்னு நம்ம போர்க்கப்பலுங்க அந்த அலைல போயி 180க்கும் மேல ஆளுங்கள தூக்குச்சு. மிச்சம் பேரு போயிட்டாங்க. புயல் வருதுன்னு தெரிஞ்சும் அவங்கள ஏன் அங்க வெச்சிருந்தாங்கன்னு கேட்டா கடற்படை பதில் சொல்ல முடியாது.

எண்ணெய், கரி, அனல் மின்சாரம்னு எல்லாம் எங்க தலைல. நாட்டுக்கு எரிசக்தின்னு பெருமையா எழுதுறீங்க, எண்ணூர் ஆத்துல எறா புடிச்சவங்கள பத்தி எழுதுங்க.
— வாசகி, கத்திவாக்கம்

எழுதலாம்மா, கேக்க வேண்டிய கேள்விதான். 1970லேந்து 2017 வரைக்கும் எண்ணூர் அனல் நிலையம், அத்திப்பட்டுல வடசென்னை அனல் நிலையம், அப்புறம் வல்லூர் 1500 மெகாவாட். ஒடிசா கரிய பாரதீப்லேந்து கப்பல்ல கொண்டாந்து எறக்கறதுக்குன்னே 2001ல காமராஜர் துறைமுகம். ராயபுரத்துல துணி காயப்போட முடியலன்னு வழக்கு நடந்து, 2011ல சென்னை துறைமுகத்துல கரி, இரும்புத்தாது எறக்கறத நிறுத்துன்னு ஹைகோர்ட் சொன்னுச்சு. நல்ல தீர்ப்புதான், ஆனா கரி எங்க போச்சு? உங்க பக்கம் வந்துச்சு. ராயபுரம் துணி வெளுத்துச்சு, உங்க ஆத்துல சாம்பல் படிஞ்சுது.

2017 ஜனவரி 28 விடிகாலைல காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு, எண்ணெய் கரை பூரா ஒதுங்குச்சு, வாளில அள்ளுன புள்ளைங்கள நாம எல்லாரும் டிவில பாத்தோம். கடல்ல எண்ணெய் கொட்டுனா பொறுப்பெடுத்து செய்ய வேண்டியது கோஸ்ட் கார்டு. அந்த கோஸ்ட் கார்டே 1977ல கடற்படை குடுத்த ரெண்டு பழைய கப்பலோட ஆரம்பிச்சது, பாம்பே ஹை மாதிரி எண்ணெய் சொத்த பாத்துக்க தனியா ஒரு படை வேணும்ங்கறதும் அதுக்கு ஒரு காரணம். மேடைய பாத்துக்க கப்பல் குடுத்தாங்க, ரேடார் குடுத்தாங்க. எண்ணெய் உங்க கரைல ஒதுங்குறப்ப முதல்ல வந்தது வாளி. சர்ச்சில் காலத்துலேந்து இதே கணக்குதாம்மா, வாங்குறவன் வெலைய பாக்க மாட்டான், அந்த வெலைய கட்டுறவன் வேற எங்கேயோ இருப்பான், ஈரான்லயோ வேல்ஸ் சுரங்கத்துலயோ கொசஸ்தலை ஆத்து முகத்துலயோ. எறா புடிக்கிறவங்கள நேர்ல பாத்து பேசி தனிக் கட்டுரையா போடச் சொல்லி ஆசிரியர்கிட்ட கேட்டிருக்கேன்.

போர்க்கப்பல்ல சோலார் போட்டா இந்த தொல்லையெல்லாம் இல்லையே?
— வாசகர், புது வண்ணாரப்பேட்டை

போட்டாங்களே. 2017ல சர்வேக்ஷக்னு நம்ம கடற்படையோட சர்வே கப்பல்ல பேனல் மாட்டுனாங்க, சுமார் 5 கிலோவாட். வெளக்கு மாதிரி சின்ன வேலைக்கு ஆவும், ப்ரொபெல்லர சுத்தணும்னா ஆயிரக்கணக்கான கிலோவாட் வேணும், அதுக்கு கப்பல் மேல எடம் எங்க இருக்கு?